விளக்குக்கு ஓர் ஆள்

(பழையசீவரத்தில் மாணவர் முகாம் ஒன்றின் முதல் நாள் மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் தலைப்பு என்ன என்று கேட்டார்கள். அரிக்கேன் விளக்கு என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், பிள்ளைகள் எல்லாரும் எல்இடி டார்ச் கொண்டுவருகிறார்கள், சோலார் விளக்கும் வாங்கியாகிவிட்டது" என்று பணிவாகச் சொன்னார்கள். கிழவனுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வெறுங்கையோடு வரவில்லை. இதோ மேசைமேல் மூன்று அரிக்கேன், ஒரு பெட்ரோமாக்ஸ். நாலும் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தவை. துடைக்காமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்த ஊருக்கு முகாம் புதிதல்ல. வருஷம் தவறாமல் ஒருவர் காஞ்சிபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, இந்த மலைமேல் தங்கிவிட்டுப் போகிறார். வரதராஜப் பெருமாளைத்தான் சொல்கிறேன். பொங்கலன்று இரவு புறப்பட்டு, வாலாஜாபாத் வழியாக, ஊருக்கு ஊர் மண்டகப்படி ஏற்று, மாட்டுப் பொங்கலன்று பத்மகிரி ஏறுகிறார். சாயங்காலம் இங்குள்ள லட்சுமி நரசிம்மரும் சேர்ந்துகொள்ள, பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடலுக்கு எழுந்தருளுகிறார். பார்வேட்டை உற்சவம் என்று பெயர். வேட்டைக்குப் புறப்பட்டவர் வெளியூரில் தங்காமல் முடியுமா?

சின்ன வயதில் அந்த ஊர்வலத்தை நான் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததுதான் முதலில். மேளச் சத்தம் எட்டாத தூரத்திலேயே இருட்டில் வெள்ளையாக நாலைந்து புள்ளிகள் அசைந்து வரும். அவை காஸ் லைட்டுகள், தலையில் சும்மாடு கட்டித் தூக்கி வருபவை. நடுவே சிவப்பாக ஒன்றிரண்டு தெரிந்தால் தீவட்டி. கிட்டே வந்ததும் எல்லாரும் பெருமாளைப் பார்ப்பார்கள். நான் ஒருமுறை விளக்குத் தூக்கியவரைப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நிற்கிறவன் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம், அத்தனை வெளிச்சம். ஆனால் தூக்குகிறவர் முகம் தெரியவில்லை. விளக்கின் அடிப்பாகம் அவர் முகத்தின்மேல் நிழலாக விழுந்துகிடந்தது. நாலு மணி நேரம் புஸ் என்று இரைகிற நெருப்பைத் தலையில் வைத்து நடக்கிறவர் கூட்டத்திலேயே இருட்டான ஆளாக இருந்தார். இன்றைக்கு நான் பேசப்போவது விளக்கைப் பற்றி என்பதைவிட இவரைப் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்களைத் தீர்த்துவிடுவோம். சூறாவளிக்கு ஆங்கிலத்தில் அரிக்கேன். காற்றுக்கு அணையாத விளக்கு என்று கம்பெனிக்காரன் மார்தட்டி வைத்த பெயர் நம் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தெற்கே சில ஊர்களில் ராந்தல் என்பார்கள், லாந்தர் என்றும் உண்டு. உள்ளே ஊற்றுவதை நம் பக்கத்தில் கிருஷ்ணாயில் என்போம். கிருஷ்ணனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கெரசின் ஆயில் நம் நாக்கில் நடந்த நடை அது. கெரசின் என்பதே மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மெழுகைக் கண்ணனாக்கியது நம் நாக்கின் சாமர்த்தியம்.

மண்ணெண்ணெய் விளக்கு வெகு பழசு என்று நினைக்கிறீர்கள். இல்லை, ரயில்வண்டியைவிட இளையது. இன்றைய உக்ரைனில் இருக்கும் லிவீவ் நகரத்தில் இக்னாசி லுகாசியேவிச் என்ற மருந்துக்கடைக்காரர் பாறையெண்ணெயைக் காய்ச்சி வடித்து, அதற்கேற்ற விளக்கையும் செய்தார். 1853 ஜூலை 31 இரவில் அந்த ஊர் மருத்துவமனையில் அவசர அறுவை ஒன்று அந்த வெளிச்சத்தில் நடந்தது. அந்தத் தேதியைத்தான் இந்த விளக்கின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். ஆறு வருஷம் கழித்து, 1859இல், அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார். அப்புறம் உலகமெங்கும் தகர டின்னில் மண்ணெண்ணெய் போனது.

மருத்துவமனை என்றதும் எனக்கு ஆற்றுக்கு அக்கரைதான் நினைவுக்கு வருகிறது. திருமுக்கூடல் கோவில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு ஆதுலர்சாலை இருந்ததையும், அதில் நோயாளிகளுக்கு 15 கட்டில் இருந்ததையும், வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து கொணர்பவர் என்று யார் யாருக்கு எவ்வளவு கூலி என்பதையும் விரிவாகச் சொல்கிறது. நாளைக்குக் காலையில் போய்ப் பாருங்கள், நடக்கிற தூரம்தான். பதினைந்து கட்டிலுக்கும் இரவு வரும், இரவில்தான் நோவும் கூடும். மண்ணெண்ணெய்க்கு எண்ணூறு வருஷம் முந்திய அந்த இரவுகளுக்கு நெய்யும் விளக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும்தான் இருந்தன.

சோழர் கல்வெட்டுகளில் விளக்கு எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கோவிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்றால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. 96 ஆடு, சில இடங்களில் 90. அந்த ஆடுகளை ஒரு மன்றாடியிடம், அதாவது இடையரிடம், ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழண்டாலும் கணக்குக் குறையக்கூடாது, குட்டியைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். சுடருக்குப் பின்னால் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஓர் ஆள், அந்த ஆளின் பெயரும் பல இடங்களில் கல்லில் இருக்கிறது. சுவிட்ச் வந்த பிறகு நமக்கு விட்டுப்போனது இதுதான். வெளிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இன்று மின்வாரியம் என்போம், பேட்டரி என்போம்.

சரி, இந்த விளக்கைக் கையில் எடுங்கள். முன்வரிசையில் இருக்கிற தம்பி, நீங்களே எடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரக் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றனவே, அவை எதற்கு? பிடித்துத் தூக்கவா? எனக்கும் வெகுநாள் அப்படித்தான் நினைப்பு. இயற்பியல் வாத்தியாரான பிறகுதான் விவரம் தெரிந்தது, சொல்ல வெட்கம்தான்.

திரியில் சுடர் எரிந்தால் சூடான காற்று கண்ணாடிக்குள் மேலே ஏறுகிறது. கீழே புதுக்காற்று வேண்டும். அதற்குச் சுடரின் பக்கத்திலேயே ஓட்டை வைத்தால் வெளிக்காற்று நேரே அடித்து அணைத்துவிடும். 1860களின் இறுதியில் அமெரிக்கரான ஜான் இர்வின் ஒரு வேலை செய்தார். காற்று நுழையும் வாயையும் மேலே கொண்டுபோய், குழாய் வழியாகக் கீழே இறக்கினார். நுழைவாயிலும் போக்குவாயிலும் தலைப்பக்கத்தில் அருகருகே. வெளியே எவ்வளவு அடித்தாலும் இரண்டு வாயிலும் ஒரே அழுத்தம்தான் விழும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளினால் நடுவில் நிற்கிறவன் ஆடமாட்டான் அல்லவா? சுடரும் ஆடாது. முதலில் செய்த மாதிரியில் எரிந்த புகைக்காற்றும் கொஞ்சம் குழாய்க்குள் திரும்பி வந்தது, அதனால் வெளிச்சம் மங்கல். பிறகு சுத்தக் காற்று மட்டும் இறங்கும்படி மாற்றினார், சுடர் வெளுத்தது. நியூயார்க்கில் டீட்ஸ் கம்பெனியும் ஜெர்மனியில் பாயர்ஹாண்ட் கம்பெனியும் லட்சக்கணக்கில் அடித்து உலகுக்கு விற்றன. நம் நாட்டில் மகாராஷ்டிரத்து ஓகலேவாடியில் சுதேசிக் கண்ணாடித் தொழிற்சாலை வைத்த ஓகலே குடும்பத்தார் பிரபாகர் என்ற பெயரில் விளக்குச் செய்தார்கள். பீகாரில் அரிக்கேன் இன்றும் ஒரு கட்சியின் தேர்தல் சின்னம். நம் ஊரில் உதய சூரியனும் இரட்டை இலையும் முந்திக்கொண்டதால் அரிக்கேனுக்கு இடமில்லாமல் போயிற்று.

நம் பக்கத்தில் வெளியில் தங்குகிறவர்கள் யார்? சுற்றுலாக்காரர்கள் அல்ல. அறுவடை முடிந்த வயலுக்கு வாத்து ஓட்டி வருகிறவர்கள். ஆடு மடக்கிக் கிடை போடுகிறவர்கள். வேர்க்கடலை, தர்பூசணிக் காவலுக்குக் குடிசை போட்டுப் படுக்கிறவர்கள். கூடாரம், முகாம் என்ற சொல்லெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. "காவலுக்குப் போறேன்", "கிடைக்குப் போறேன்", அவ்வளவுதான். அவர்களிடம் நான் கற்றது ஒன்று. வாத்துப் பட்டி ஓரம் கோல் நட்டு அரிக்கேனைத் தொங்கவிட்டிருப்பார்கள், திரியை மட்டாக இறக்கி, எரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. "இதில் என்ன அண்ணே தெரியும்?" என்று ஒருவரிடம் கேட்டேன். "நமக்குத் தெரிய இல்ல சார், நரிக்குத் தெரியணும்" என்றார். ஆள் இருக்கிறான் என்று சொல்வதற்கு ஒரு விளக்கு. அவர் படுத்துத் தூங்குவார், விளக்கு விழித்திருக்கும்.

இருளர் மக்கள் விளக்கை வேறு விதமாக வைப்பார்கள். முதல் மழை விழுந்த சில இரவுகளில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். புற்றுப் பக்கத்தில் சின்னக் குழி வெட்டி, அதன் விளிம்பில் விளக்கை வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்வார்கள். ஈசல் வெளிச்சத்தைச் சுற்றி, இறகு உதிர்ந்து, குழியில் விழும். கையால் அள்ளலாம். நான் ஒருமுறை கூட உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு இல்லை, மழைக்குப் பிந்திய மண் வாசனை, விளக்கைச் சுற்றி ஆயிரம் இறகுகள். அங்கே திரியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்கள். நரிக்கு ஓர் அளவு, ஈசலுக்கு ஓர் அளவு. டார்ச்சில் இரண்டு நிலைதான், எரியும், எரியாது. இப்போது மூன்று நிலை வைத்து விற்கிறார்கள், தெரியும். கடைசி நிலையில் அது கண்ணடித்துக்கொண்டே இருக்கும், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்களோ!

நம் ஊர் ஸ்டேஷனுக்கு வருவோம். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் சின்ன ஸ்டேஷன். கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில் பொழுது சாய்கிற நேரம் ஓர் ஆள் ஏணி ஏறி, சிவப்புக் கண்ணாடிக்கும் பச்சைக் கண்ணாடிக்கும் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு இறங்குவார். எந்த ரயில் பாதையிலும் அப்படித்தான். ஓட்டுநர் நம்பியது அந்தச் சின்னச் சுடரை. அன்று மாலை அந்த ஆள் திரியைச் சரியாக வெட்டினாரா என்பதில் எத்தனையோ உயிர் இருந்தது.

இனி பெட்ரோமாக்ஸ். அரிக்கேனுக்கு அண்ணன் மாதிரி தெரியும், ஆனால் வேறு சாதி. திரியே கிடையாது. தொட்டியில் பம்பு அடித்து அழுத்தம் ஏற்றி, ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்கினால் மண்ணெண்ணெய் ஆவியாகி மேலே வந்து மேண்டிலில் எரியும். பெர்லினில் விளக்குத் தொழிற்சாலை வைத்திருந்த மாக்ஸ் கிரெட்ஸின் பெயரில் பாதியையும் பெட்ரோலியத்தில் பாதியையும் ஒட்டிய பெயர் அது. இதில் ஆச்சரியம் மேண்டில்தான். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் அதைத் தொட்டு உதிர்த்துவிடுவார், தமிழ்நாடே சிரித்தது. இங்கே சிரிக்காதவர் இல்லை. ஏன் உதிர்ந்தது என்று யாராவது யோசித்தோமா? கடையில் வாங்கும்போது மேண்டில் பட்டுத்துணிப் பை மாதிரி இருக்கும். முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோகும். துணியில் ஊறியிருந்த தோரியம், சீரியம் என்ற இரண்டு தனிமங்களின் சாம்பல், துணியின் வடிவத்திலேயே கூடாக நிற்கும். வெள்ளையாக ஒளிவிடுவது அந்தச் சாம்பல். சாம்பலைத் தொட்டால் உதிராமல் என்ன செய்யும்? கார்ல் அவுர் என்ற ஆஸ்திரிய வேதியியலர் 1880களில் தொடங்கி, 1891இல் சரியான கலவைக்கு வந்து சேர்ந்தார். நூற்றுக்கு 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம்.

அந்தத் தோரியம் எங்கிருந்து கிடைத்தது? 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், நம் தென்கோடியிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடிவந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூர், இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். அந்தக் கடற்கரை மணலில் இருந்த மோனசைட்டிலிருந்து எடுத்த தோரியமும் ஐரோப்பாவின் தெருக்களில் எரிந்தது. கயிற்றில் ஒட்டிய மணல் வெளிச்சமாகிப் பெர்லின் வரை போனது. தோரியத்துக்குக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. அதனால் இப்போது வரும் மேண்டில்களில் பெரும்பாலும் இட்ரியம் போடுகிறார்கள். பழைய மேண்டில் உதிர்ந்தால் அந்தத் தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முகாமுக்குப் பெட்ரோமாக்ஸ் வேண்டாம் என்பது என் கட்சி. சமையலுக்கும் பந்திக்கும் அது ராஜா. ஆனால் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும், வெள்ளை வெளிச்சம் வட்டத்துக்கு வெளியே இருப்பதையெல்லாம் அழித்துவிடும், ஊரிலுள்ள பூச்சி அத்தனையும் சாம்பாருக்கு வந்து சேரும். அரிக்கேன் அப்படியல்ல. ஏழெட்டு மெழுகுவத்தி வெளிச்சம்தான் இருக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்தால் எதிரில் இருக்கிறவர் முகம் தெரியும், முதுகுக்குப் பின்னால் இருட்டு இருட்டாகவே இருக்கும். தலையைத் திருப்பினால் நட்சத்திரம் தெரியும். நம் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகிறது. வெள்ளை டார்ச் ஒருமுறை முகத்தில் அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. மஞ்சள் சுடரை மட்டாக வைத்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. பாலாற்று மணலில் படுத்து வானம் பார்க்கத்தானே பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்?

இத்தனை புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய்யன். மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்தேன் என்று மேடையில் பெருமை பேசுகிற என் வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த வெளிச்சத்தில் கண் கெட்டவர்கள் மேடைக்கு வருவதில்லை. எங்கள் வீட்டில் சாயங்காலமானால் கண்ணாடி துடைக்கிற வேலை என் தங்கைக்கு. அவள் கைதான் சிறிசு, உள்ளே போகும். அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பழைய வேட்டித் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பாள். ஒருநாள் விளிம்பு உடைந்திருந்ததைப் பார்க்காமல் கையை விட்டாள். மணிக்கட்டில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது. அரிக்கேனாவது பரவாயில்லை, மூடியிருக்கும். மைக்கூட்டு விளக்கு, சீசா விளக்கு என்று மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டார்களே, அவை உருண்டு எரித்த குடிசைகள் கொஞ்சமா?

இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர் அப்படி எரிந்து வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து நொந்துபோனார். பிறகு விளக்கையே மாற்றினார். குட்டையான, கனமான கண்ணாடிக் குப்பி, இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. விழுந்தால் உருளாது, எண்ணெய் கொட்டாது. சுதீபா என்று பெயர் வைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அதே தீவின் வடக்கே, யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில் வருஷக்கணக்கில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சூண்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஒரு தலைமுறை படித்தது. அவர்களிடம் போய் விளக்கின் அழகைப் பேச எனக்கு வாய் வராது. நாம் அரிக்கேனை ஆசைக்கு ஏற்றுகிறோம், வேறு வழி இருக்கிறதால் ஏற்றுகிறோம். அந்த வித்தியாசம் மனசில் இருக்கட்டும்.

ஆகவே சில கண்டிப்புகள். கூடாரத்துக்குள் அரிக்கேன் கூடாது. குளிர், மழை, எந்தச் சாக்கும் கூடாது. மூடிய இடத்தில் எரிகிற சுடர் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நைலான் துணியோ நெருப்புக் கண்டால் உருகி உடம்பில் ஒட்டும். உள்ளே டார்ச்சுதான். காப்புக்காட்டில், காய்ந்த புல் இருக்கிற மலையில், அரிக்கேனே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பது இங்கே பேச்சல்ல, காய்ந்த புல்லில் அது எவ்வளவு வேகமாக ஓடியது என்பதுதான் பேச்சு. மணல், கட்டாந்தரை, அறுத்து உழுத வயல், இவைதான் அரிக்கேனுக்கு இடம். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பெட்ரோலை மறந்தும் ஊற்றாதீர்கள். நல்ல மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் ஆவி விடும், பெட்ரோல் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நிலையிலேயே விடும். ரேஷனில் நீல நிறத்தில் வந்ததே, அது இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை என்பதற்காகக் கண்டதைக் கலந்து ஊற்றுகிற யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

இன்னொன்று, இது என் சொந்த அவமானம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் பத்து நாள் முகாம் நடத்திக்கொண்டிருந்த காலம். அந்தத் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. நான் சேர்ந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அவசரத்தில் மண்ணெண்ணெய் டின்னை அரிசி மூட்டைப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். வண்டி குலுங்கியதில் மூடி கசிந்தது. வேறு அரிசிக்குக் காசில்லை. கழுவினோம், வெயிலில் கொட்டிக் காயவைத்தோம், ரசத்தில் மிளகை இரட்டிப்பாகப் போட்டோம். பத்து நாளும் நாற்பது பிள்ளைகள் சோற்றைக் கையில் எடுத்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பேரன் பேத்தி. கல்யாண வீடுகளில் பந்தியில் பார்த்தால், "சார், சோறு வாசனை எப்படி?" என்றுதான் விசாரிக்கிறார்கள். டின் தனி, மளிகை தனி.

நடக்கும்போது அரிக்கேனை முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள். முகத்துக்கு நேரே தூக்கினால் உங்கள் கண்தான் கூசும், தரை தெரியாது. நம் பக்கத்தில் தரைதான் முக்கியம், கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் உள்ள ஊர். சொல்லப்போனால் தடம் பார்த்து நடக்க டார்ச்தான் சரி, அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. உட்காருகிற இடத்துக்கு அரிக்கேன், நடக்கிற பாதைக்கு டார்ச். ஆற்றிலும் கவனம் வேண்டும். நாங்கள் இஷ்டத்துக்கு மணலில் படுத்தோம். 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தைப் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், கேளுங்கள். மேட்டில்தான் கூடாரம்.

திரிக்கு வருகிறேன். புதுத்திரி போட்டால் கால் மணி நேரமாவது எண்ணெயில் ஊற விட வேண்டும். ஊறாமல் கொளுத்தினால் திரியே எரியும். தொட்டியில் முக்கால்தான் எண்ணெய். வெட்டும்போது பர்னர் விளிம்போடு ஒட்டி நேராக ஒரு வெட்டு, பிறகு இரண்டு முனையையும் நூலளவு கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் சுடருக்கு இரண்டு கொம்பு முளைக்கும், கொம்பு புகையும், புகை கண்ணாடியில் கரியாகும். ஏற்றியதும் தூக்காதீர்கள். மட்டாக வைத்து ஐந்து நிமிஷம் கண்ணாடி சூடேறட்டும், அப்புறம் மெல்ல ஏற்றுங்கள். கட்டைவிரல் நகம் மாதிரி சுடர் நின்றால் சரி. சூடான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் டப்பென்று விரியும். மழைத் தூறலில் இரண்டு கண்ணாடி இழந்தவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஓர் ஆள் செய்ய வேண்டும். என் முகாம்களில் தினம் ஒருவர் பெயர் பலகையில் எழுதியிருக்கும்: இன்று விளக்கு, இன்னார். சமையல், தண்ணீர், கழிப்பறைக் குழி எல்லாவற்றுக்கும் அணி உண்டு. விளக்குக்கு மட்டும் ஒரே ஆள். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவனுக்கு ஒருநாள் அந்தப் பெயர் விழுந்தது. மாலை நாலு மணிக்கே துணியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிட்டான். இரவு பதினொரு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், எல்லாரும் தூக்கம், அவன் மட்டும் விளக்கருகில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "படுடா" என்றேன். "எண்ணெய் எவ்வளவு நேரம் வருதுன்னு பாக்கறேன் சார்" என்றான். விடிந்ததும் மணிக்கணக்கோடு நோட்டில் எழுதிக் காட்டினான். அடுத்த நாளிலிருந்து எண்ணெய் அளவை அவனைக் கேட்டுத்தான் ஊற்றினோம். டார்ச்சுக்கு இப்படி ஓர் ஆள் தேவைப்படுவதில்லை. முகாமில் எனக்கு அரிக்கேன் வேண்டும் என்பதற்கு இருக்கிற ஒரே காரணம் இது. மீதியெல்லாம் ருசி.

விளக்குகளைத் துடைக்காமல் கொண்டுவந்த காரணம் இப்போது புரிந்திருக்கும். மணி ஐந்தே முக்கால் ஆகிறது, இன்னும் அரை மணியில் இருட்டிவிடும். கத்தரிக்கோலும் பழைய வேட்டித் துணியும் என் பையில் இருக்கின்றன, சாம்பல் சமையல் பக்கம் கிடைக்கும். கண்ணாடி விளிம்பை நான் தடவிப் பார்த்துவிட்டேன், மூன்றும் முழுசு. இன்றைக்கு விளக்கு யார் என்று பலகையில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். ஒருவர் எழுந்து மேலே வாருங்கள்.